இடப்பக்கம் இழுக்கும் செஸ்னா: லினக்ஸில் சிமுலேஷன் விளையாட்டுகள் எப்படி ஓடுகின்றன?

லினக்ஸ் கணினியில் ஃப்ளைட்கியர் என்னும் விமான சிமுலேட்டரை நிறுவி, செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறுவிமானத்தை ஓடுபாதையில் நிறுத்தி, எஞ்சின் விசையை முழுதாகத் திறந்துவிடும் புதியவர்களில் பெரும்பாலோர் அடுத்த சில நொடிகளில் பக்கத்துப் புல்வெளியில் இருப்பார்கள். விமானம் நேராக ஓடாது. வேகம் ஏற ஏற இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. ஜாய்ஸ்டிக்கில் கோளாறு என்று முடிவுகட்டி, அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அரை நாளைக் கழித்தேன். உண்மையில் எதிலும் கோளாறு இல்லை. மூக்கில் ஒற்றை விசிறி கொண்ட விமானத்தில், விசிறி தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுருள் சுருளாகப் பின்னோக்கிச் சென்று, நிமிர்ந்து நிற்கும் வாலின் இடப்புறத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்படுவதால் மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. மெய்யான செஸ்னாவை ஓட்டுகிறவர்களும் ஓடுபாதையில் வலது மிதிகட்டையை அழுத்தியபடிதான் விமானத்தை நேராக வைத்துக்கொள்கிறார்கள்.

என்னை ஏமாற்றிய இந்த இழுப்புதான் சிமுலேஷன் விளையாட்டின் இலக்கணம். இச்சொல்லைப் பாவனை என்றும் உருவகப்படுத்தல் என்றும் தமிழில் எழுதுவதுண்டு. விளையாடுகிறவர்கள் சிமுலேஷன் என்றே வழங்குவதால் இங்கும் அவ்வாறே எழுதுகிறேன். சாதாரண விளையாட்டில், இந்தப் பொத்தானை அழுத்தினால் நாயகன் இவ்வளவு உயரம் குதிப்பான் என்று விளைவை எழுதிவைக்கிறார்கள். சிமுலேஷனில் எழுதிவைப்பது விதிகளை மட்டுமே. அந்த விதிகளைக் கணினி இடைவிடாமல் கணக்கிட்டுக்கொண்டிருக்க, அந்தக் கணக்கிலிருந்து விளைவு தானாகப் பிறக்கிறது. செஸ்னா புல்வெளிக்குப் போகவேண்டும் என்று நிரலில் எங்கும் ஒரு வரி இல்லை. அங்கே காற்றைப் பற்றிய வரிகள்தான் இருக்கின்றன.

அந்தக் கணக்கைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கையின் பரப்பு, தூக்குக்கெழு என்னும் ஓர் எண் ஆகிய நான்கையும் பெருக்கிப் பாதியாக்கினால் இறக்கையின் தூக்குவிசை கிடைக்கும். வேகம் வர்க்கமாக வருவதால், 50 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் கிடைப்பதைப்போல நான்கு மடங்கு தூக்குவிசை 100 நாட் வேகத்தில் கிடைக்கும். தூக்குக்கெழு என்பது, எதிரே வரும் காற்றுக்கு இறக்கை எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாய்வு கூடக் கூட அதுவும் கூடும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டியதும் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிய்ந்துபோக, கெழு சரிந்துவிடும். விமானிகள் ஸ்டால் என்று அஞ்சும் நிலை இதுதான். ஃப்ளைட்கியரின் உள்ளே இருக்கும் ஜேஎஸ்பிசிம் என்னும் பகுதி, இந்தச் சாய்வுக்கு இந்தக் கெழு என்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, விசைகளையும் அவற்றிலிருந்து முடுக்கத்தையும் வேகத்தையும் இடத்தையும் வழக்கமாக ஒரு நொடிக்கு 120 முறை கணக்கிடுகிறது. திரையில் படம் நொடிக்கு 30 முறை வரையப்படலாம், 60 முறை வரையப்படலாம். கணக்கு அதற்காகக் காத்திருப்பதில்லை.

இதை வெறும் விளையாட்டுக் கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. நாசா 2015-இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டு அறிக்கையில், அந்நிறுவனத்தின் சொந்த சிமுலேட்டர்கள் தீர்த்த அதே பறப்புக் கணக்குகளை ஜேஎஸ்பிசிமும் தீர்த்திருக்கிறது. எல்லா சிமுலேட்டரும் ஒரே வழியில் கணக்கிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். லினக்ஸில் நேரடியாக ஓடும் எக்ஸ்-பிளேன் என்னும் வணிக சிமுலேட்டர், விமானம் முழுமைக்கும் ஓர் அட்டவணை என்று வைத்துக்கொள்ளாமல், இறக்கையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டின்மேலும் காற்று செலுத்தும் விசையைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறது.

சிமுலேஷன் என்றதும் விமானம், லாரி, பந்தயக் கார் என்று ஓட்டுநர் இருக்கையையே பலர் நினைப்பார்கள். ஓர் ஊரையோ ஒரு போக்குவரத்து நிறுவனத்தையோ நடத்துவதும் சிமுலேஷன்தான். நிரலை யாரும் திறந்து பார்க்கவும் மாற்றவும் விடும் கட்டற்ற மென்பொருள்களில் இவ்வகைக்கு முதலில் சொல்லவேண்டியது ஓப்பன்டிடிடி. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மின்நிலையத்துக்கு ரயில்பாதை போட்டு, சரக்கு ஏற்றி, வருமானத்தில் அடுத்த பாதையைப் போடுவது இதன் ஆட்டம். இங்கே காற்றும் இல்லை, விசையும் இல்லை. காலம்தான் கணக்கின் அலகு. விளையாட்டின் ஒரு நாள் 74 சிறு துடிப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் கடிகாரத்தில் அந்த நாள் ஏறத்தாழ 2 நொடி. ஒவ்வொரு துடிப்பிலும் எல்லா ரயில்களும் ஒரு சிறு அடி நகர்கின்றன. சரக்கு வழியில் எத்தனை நாள் கிடந்தது என்பதைப் பொறுத்துக் கூலி குறைகிறது. தாமதத்தை நிலக்கரி பொறுத்துக்கொள்ளும், பயணிகள் பொறுக்கமாட்டார்கள். பலர் சேர்ந்து விளையாடும்போது ஒவ்வொருவரின் கணினியும் முழு உலகத்தையும் தானே கணக்கிடுகிறது. இணையத்தில் பயணிப்பவை 'இங்கே ஒரு பாலம் கட்டு' என்பதுபோன்ற கட்டளைகள் மட்டுமே. எல்லோருடைய கணக்கும் கடைசி எண்வரை ஒத்துப்போகவேண்டும் என்பதால், ஒருவரிடம் ஓர் எண் பிசகினாலும் அவருடைய இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும்.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கருனி ஒன்றின் பெயர். நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் நடுவே நின்று, நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை வெளியிட்டார். அதோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருகிற தொகுப்புகளை வழங்கல்கள் என்கிறோம். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் அப்படிப்பட்டவை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பம்தான். தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினியில் அதை ஒருமுறையாவது திறந்து பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கக்கூடும். அந்த வகை மடிக்கணினி ஒன்று இன்னும் வேலை செய்கிறதென்றால், ஓப்பன்டிடிடி அதில் தாராளமாக ஓடும்.

மூலநிரல் திறந்திருக்கிறது என்பதால் மற்ற வகை விளையாட்டுகளில் விளையாடுகிறவருக்குப் பெரிதாக எதுவும் மாறிவிடுவதில்லை என்பது என் கருத்து. சுட்டுத்தள்ளும் விளையாட்டில் குண்டு எப்படிப் பாய்கிறது என்று திறந்து பார்க்க எத்தனை பேருக்கு ஆர்வம் இருக்கும்? சிமுலேஷனில் நிலைமை வேறு. விமானம் இடப்பக்கம் இழுத்தால், அது காற்றின் விதியா, நிரலாளர் செய்த பிழையா, என் ஜாய்ஸ்டிக்கின் தேய்மானமா என்ற கேள்வி உடனே எழுகிறது. மூடிய மென்பொருளில் அதை ஊகிக்கத்தான் முடியும். ஃப்ளைட்கியரில் ப்ராப்பர்ட்டி மரம் என்ற ஓர் ஏற்பாடு உண்டு. விமானத்தின் உயரம், சாய்வு, எஞ்சினின் சுழற்சி, டேங்கில் மீந்திருக்கும் எரிபொருள், ஜாய்ஸ்டிக் இப்போது அனுப்பும் எண் எல்லாம் கோப்புறைகளுக்குள் கோப்புகள்போல அதில் அடுக்கப்பட்டிருக்கும். மெனுவிலிருந்து அதைத் திறந்தால், பறந்துகொண்டிருக்கும்போதே அந்த எண்கள் கண்முன்னே மாறும். என் அரை நாள் இழவு அங்கேதான் முடிவுக்கு வந்தது. வாலிலிருந்து மூக்கைத் திருப்பும் சுக்கானுக்கு உரிய எண் சுழியத்தில் அசையாமல் நிற்க, மூக்கின் திசையைக் காட்டும் எண் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஜாய்ஸ்டிக் எதையும் அனுப்பவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

லினக்ஸில் விளையாட்டெல்லாம் ஓடாது என்ற பேச்சை இன்னும் கேட்கலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதில் உண்மை இருந்தது. இன்று ஒரு சிமுலேஷன் விளையாட்டு லினக்ஸுக்கு வந்துசேரும் வழிகள் மூன்று.

நேராக லினக்ஸுக்கென்றே தொகுக்கப்பட்டு வருவது முதல் வழி. 1996-இல் ஒரு முன்மொழிவாகத் தொடங்கி 1997-இல் முதல் வெளியீட்டைக் கண்ட ஃப்ளைட்கியர் அவ்வாறு வருவதே. மூடிய மென்பொருளும் இவ்வழியில் வரலாம்: பிராகாவில் இருக்கும் எஸ்சிஎஸ் நிறுவனத்தின் யூரோ டிரக் சிமுலேட்டர் 2, காசு கொடுத்து வாங்கவேண்டிய மூடிய விளையாட்டு, ஆயினும் அதற்கு லினக்ஸ் வடிவம் உண்டு. இயங்குதளம் கட்டற்றது என்பதால் அதன்மேல் ஓடுவதெல்லாம் கட்டற்றதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதைப் புதியவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது வழி, பழைய விளையாட்டு ஒன்றின் எஞ்சினை, அதாவது அதை இயக்கும் நிரலை, புதிதாக எழுதிவிடுவது. ஓப்பன்டிடிடி அப்படிப் பிறந்ததுதான். கிறிஸ் சாயர் பெரும்பகுதி, செயலியின் மொழிக்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழியில் எழுதிய டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் 1995-இல் வெளிவந்தது. லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற ஸ்வீடன் நிரலாளர் அந்த விளையாட்டைப் பிரித்துப் படித்து, சி மொழியில் திரும்ப எழுதி 2004-இல் வெளியிட்டார். எஞ்சின் கட்டற்றதாகிவிட்டபோதும், ரயில்களின் படங்களும் ஓசைகளும் பழைய குறுவட்டிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு படத்தையும் புதிதாக வரைந்து, ஓசைகளையும் இசையையும் புதிதாகச் சேர்த்த பிறகே அது தன் காலில் நின்றது. கேளிக்கைப் பூங்கா நடத்தும் ஓப்பன்ஆர்சிடி2 இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. அதற்கு மூல விளையாட்டின் கோப்புகள் வேண்டும். உரிமையாளரே மூலநிரலைத் திறந்துவிட்ட அரிய நிகழ்வும் உண்டு. 1989-இன் சிம்சிட்டி, குழந்தைகளுக்கான மலிவு மடிக்கணினித் திட்டம் ஒன்றை ஒட்டி, மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் 2008-இல் பொது உரிமத்தின் கீழ் வந்தது.

மூன்றாவது வழி துபாஷி வைத்துக்கொள்வது. விண்டோஸுக்கு எழுதப்பட்ட விளையாட்டு, ஒரு கோப்பைத் திற, ஒரு சாளரத்தைக் காட்டு என்று ஒவ்வொன்றையும் விண்டோஸிடம் அதன் மொழியில் கேட்கும். 1993-இல் தொடங்கிய வைன் என்னும் மென்பொருள் அந்தக் கேள்விகளை வாங்கி, லினக்ஸ் புரிந்துகொள்ளும் கேள்விகளாக மாற்றிக் கேட்டு, பதிலைத் திரும்ப விண்டோஸ் பாணியில் கொடுக்கிறது. உள்ளே வேறொரு கணினியைப் போலியாக இயக்கிக் காட்டும் வேலை அதில் இல்லை; விளையாட்டின் கட்டளைகளைச் செயலி நேரடியாகவே நிறைவேற்றுகிறது. ஆகவே சிமுலேஷனின் உயிரான கணக்கு ஏறத்தாழ அதன் முழு வேகத்திலேயே நடக்கும். இடறியது படம் வரையும் இடத்தில்தான். விண்டோஸ் விளையாட்டுகள் படத்தை டைரக்ட்3டி மொழியில் கேட்பவை; அதை வல்கன் என்ற பொதுமொழிக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே வந்த பிறகு இந்த இடர்ப்பாடு பெருமளவு தீர்ந்தது. வால்வ் நிறுவனம் வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்துக் கட்டி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் தன் ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடைக்குள் வைத்தது. அதன் வழியாக, விவசாயம், சுரங்கம், நகர நிர்வாகம் என்று விண்டோஸுக்கு மட்டும் வெளிவந்த சிமுலேஷன்களில் பலவும் லினக்ஸில் திறக்கும். எல்லாமும் திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் வசதி ஸ்டீமில் உண்டு.

ஓடவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, எது ஓடவில்லை என்று திருப்பிக் கேட்கவேண்டும். சிமுலேட்டருக்குள் கணக்கு, படம், கை என்று மூன்று அடுக்குகள் இருக்கின்றன. கணக்கு செயலியில் நடக்கிறது. அதில் தகராறு வருவது அபூர்வம். படம், கிராபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளைச் சார்ந்தது. ஒருமுறை கருனியைப் புதுப்பித்த பிறகு என் மடிக்கணினியில் ஃப்ளைட்கியர் புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் ஓடியது: ஒரு காட்சி, சற்று இடைவெளி, அடுத்த காட்சி. விமானத்தைக் குறைகூறத் தொடங்கிவிட்டேன். 'பற்றி' என்ற சாளரத்தைத் திறந்து, படம் வரைவது யார் என்ற வரியைப் பார்த்தபோது, அங்கே கிராபிக்ஸ் சில்லின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எல்எல்விஎம்பைப் என்றிருந்தது. டிரைவர் ஏறாதபோது படத்தைச் செயலியைக்கொண்டே வரைந்து ஒப்பேற்றும் மாற்று ஏற்பாடு அது. புதுக் கருனிக்குப் பொருந்தும் டிரைவரை நிறுவியதும் சரியாகிவிட்டது. ஏஎம்டி, இன்டெல் சில்லுகளுக்குக் கட்டற்ற டிரைவர்கள் வழங்கலோடு கூடவே வருவதால் இந்தச் சிக்கல் குறைவு. தனியாக நிறுவிய டிரைவரை நம்பியிருப்பவர்கள் கருனி மாறும்போதெல்லாம் இந்த வரியை ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

கை என்று நான் சொல்வது ஜாய்ஸ்டிக், ஸ்டியரிங், மிதிகட்டை ஆகியவற்றை. யூஎஸ்பியில் செருகும் ஜாய்ஸ்டிக்கை லினக்ஸ் கருனி பெரும்பாலும் தானே அடையாளம் கண்டுகொள்ளும். விசை திருப்பித் தரும் ஸ்டியரிங் வாங்குவதற்கு முன்புதான் விசாரிக்கவேண்டும். அதில் தகவல் இரு திசையிலும் போகிறது: நாம் திருப்பிய கோணம் கணினிக்குப் போக, டயரில் எழும் விசை கணக்கிடப்பட்டு ஸ்டியரிங்கின் மோட்டாருக்குத் திரும்பி வருகிறது. லாஜிடெக் ஸ்டியரிங்குகள் பலவற்றுக்கு இந்த இருவழிப் பேச்சு கருனியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேறு சிலவற்றுக்குத் தனியாகக் கூறுகளை நிறுவவேண்டியிருக்கும். தொடக்கத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. ஃப்ளைட்கியரை எண் விசைகளாலேயே ஓட்டலாம்; 8-ம் 2-ம் மூக்கை இறக்கி ஏற்றும், 5 எல்லாவற்றையும் நடுநிலைக்குக் கொண்டுவரும்.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஃப்ளைட்கியரும் ஓப்பன்டிடிடியும் பெரும்பாலான வழங்கல்களின் மென்பொருள் மையத்திலேயே கிடைக்கும். அங்குள்ளது பழைய பதிப்பாக இருந்தால் பிளாட்ஹப் என்னும் இணைய மென்பொருள் தொகுப்பகத்தில் தேடலாம். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். ஃப்ளைட்கியர் உலகம் முழுவதையும் ஒரே தடவையில் இறக்கிவைப்பதில்லை. நாம் பறக்கும் திசையில் நிலப்பரப்பைத் துண்டு துண்டாக இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டே வரும். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி மதுரைவரை போகலாமே என்று கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் பறப்பவருக்கு, திருச்சி வருவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கக்கூடும்.

சிறிது பழகிய பின் செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு. செஸ்னா 172-இன் விவரமெல்லாம் உரைக்கோப்பு ஒன்றில் இருக்கிறது. இறக்கையின் பரப்பு, வெற்று எடை, முன்பு சொன்ன தூக்குக்கெழு அட்டவணை ஆகியவற்றை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். விமானத்தின் கோப்புறையை, என் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவுக்குப் பிரதியெடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் வெற்று எடையை மட்டும் 500 பவுண்டு கூட்டினேன். முழுச் சுமையில் 2400 பவுண்டு இருக்கும் விமானம் 2900 பவுண்டு ஆகிவிட்டது. அதாவது ஏறத்தாழ 21 சதவீதம் கூடுதல். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த எடையைத் தூக்க வேகம் 10 சதவீதம் கூடினால் போதும் என்று தாளில் கணக்குப் போட்டேன்: வழக்கமாக 55 நாட்டில் மூக்கைத் தூக்குவது, இப்போது 60-ஐ ஒட்டி வரவேண்டும். பிறகு அதே ஓடுபாதையில், காற்று இல்லாத வானிலையை வைத்துக்கொண்டு, வலது மிதிகட்டையை அழுத்தியபடி விசையைத் திறந்தேன். 55-இல் மூக்கை உயர்த்தியபோது சக்கரங்கள் தரையை விடவில்லை. ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் அடியில் ஓடிக்கொண்டே இருந்தன. முள் 60-ஐத் தாண்டியதும் குலுக்கல் நின்று, நிழல் கீழே பிரிந்து போனது.